டிரான்சாவியாவில் பறக்க முழு வழிகாட்டி: டிக்கெட் எடுப்பதிலிருந்து இழப்பீடு வாங்குவது வரை

பாரிஸிலிருந்து லிஸ்பனுக்கோ ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாலாகாவுக்கோ குறைந்த விலையில் விமானம் தேடினால் டிரான்சாவியா என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். ஏர் பிரான்ஸ்–கே.எல்.எம். குழுமத்துக்குச் சொந்தமான மலிவு விலை நிறுவனம். ஐரோப்பாவில் குடியிருக்கும் நம்மவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், பேரக்குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா என்று எல்லாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இதில் ஏறுவார்கள். விமானம் நன்றாகத்தான் பறக்கும். பணம் போவதெல்லாம் தரையில்தான்: பை பெரிதாக இருந்தது, பெயர் பொருந்தவில்லை, விசாவில் ஒரு நுழைவுதான் இருந்தது, அடுத்த விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்திருந்தோம். டிக்கெட் விலையைவிட அதிகமாக வாயிலில் கட்டிவிட்டு ஒருவர் நொந்துபோய் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், ஏனென்றால் இதில் பெரும்பாலானதை வீட்டில் உட்கார்ந்தபடியே தவிர்த்திருக்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள், கீழே வரும் எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் வருகின்றன. தாய் நிறுவனம் வேறு, மகள் நிறுவனம் வேறு. டிக்கெட்டை விற்றது யாராக இருந்தாலும், பை எவ்வளவு, உணவு உண்டா, தாமதமானால் யாரிடம் போவது என்பதையெல்லாம் அந்த விமானத்தை இயக்கும் நிறுவனத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: இயக்குவது யார் என்று பாருங்கள்

டிரான்சாவியா என்ற ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. நெதர்லாந்து நிறுவனம் பழையது. 1965 இல் டிரான்சாவியா லிம்பர்க் என்று தொடங்கி, 1966 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேபிள்ஸுக்கு முதல் விமானத்தை அனுப்பியது. 1991 இல் நெதர்லாந்தின் பெரிய விமான நிறுவனமான கே.எல்.எம். பங்கு வாங்கியது, 2003 இல் முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. பிரெஞ்சு நிறுவனம் 2007 இல் பிறந்தது, பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தை வீடாகக் கொண்டது. டிக்கெட்டில் விமான எண்ணுக்கு முன்னால் எச்.வி. என்று இருந்தால் டச்சு நிறுவனம், டி.ஓ. என்று இருந்தால் பிரெஞ்சு நிறுவனம். பின்னால் இழப்பீடு கேட்கும்போது எந்த நாட்டு அமைப்பிடம் போவது, எத்தனை ஆண்டுக்குள் கேட்பது என்பதெல்லாம் இதைத் தொட்டு வரும், அதனால் அந்த இரண்டு எழுத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்கள் ஏன் இப்படித் தனியாக ஒன்றை நடத்துகின்றன என்று கேட்டால், செலவுதான் காரணம். ரயன்ஏர், ஈஸிஜெட் வந்த பிறகு பழைய சம்பள ஒப்பந்தங்களோடும் பழைய வேலை முறையோடும் இரண்டு மணி நேரப் பயணத்தை லாபமாக இயக்க முடியவில்லை. அதனால் தனிப் பெயர், தனி ஊழியர், தனி ஒப்பந்தம். எல்லாருக்கும் இது கைகூடவில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998 இல் தொடங்கிய கோ நிறுவனம் 2001 இல் விற்கப்பட்டு அடுத்த ஆண்டே ஈஸிஜெட்டோடு கலந்தது. கே.எல்.எம். நடத்திய பஸ் (Buzz) என்ற விமான நிறுவனத்தை 2003 இல் ரயன்ஏர் வாங்கியது. ஏர் பிரான்ஸ் 2017 இல் தொடங்கிய ஜூன் (Joon) என்ற நிறுவனம் 2019 இல் மூடப்பட்டது. டிரான்சாவியா நிலைத்துவிட்டது, ஆனால் சும்மா நிலைக்கவில்லை. அதைப் பெரிதாக்கும் திட்டத்தை எதிர்த்து 2014 செப்டம்பரில் ஏர் பிரான்ஸ் விமானிகள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். இவ்வளவு போராடிப் பிரித்து வைத்த செலவு அமைப்பு இது. தாய் நிறுவனத்தில் கிடைத்தது இங்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவோம்.

வூலிங், யூரோவிங்ஸ் இரண்டும் இதே வகைதான். வூலிங் பார்சிலோனாவை மையமாகக் கொண்டது, பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஐபீரியாவும் இருக்கும் ஐ.ஏ.ஜி. குழுமத்தைச் சேர்ந்தது. யூரோவிங்ஸ் லுஃப்தான்சாவின் மகள், டுசல்டோர்ஃப், கொலோன், ஹம்பர்க், ஸ்டுட்கார்ட் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். நான் டிரான்சாவியாவை வைத்துச் சொன்னாலும் பெரும்பாலானது மூன்றுக்கும் பொருந்தும்.

படி 2: எந்த விமான நிலையம், அங்கே எப்படிப் போவது

நெதர்லாந்தில் ஸ்கிபோல் (ஆம்ஸ்டர்டாம்), ரோட்டர்டாம், ஐந்தோவன் மூன்றிலிருந்தும் பறக்கிறார்கள். ஸ்கிபோலில் ரயில் நிலையம் முனையத்துக்குக் கீழேயே இருக்கிறது. ஐந்தோவனுக்கு ரயிலில் போய் அங்கிருந்து 400 அல்லது 401 பேருந்து, ரோட்டர்டாமில் மத்திய நிலையத்திலிருந்து 33 ஆம் எண் பேருந்து. விலை ஒப்பிடும்போது இந்த ரயில் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காலை 6 மணி விமானம் என்றால் அந்த நேரத்துக்கு முதல் ரயில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாரிஸில் ஓர்லி. 2024 ஜூனில் 14 ஆம் மெட்ரோ ஓர்லி வரை நீட்டப்பட்ட பிறகு வாழ்க்கை எளிதாகிவிட்டது, நகர நடுவில் இருக்கும் ஷாத்லே நிலையத்திலிருந்து சுமார் 25 நிமிடம். லா ஷப்பல் பக்கம் இருப்பவர்கள் கார் து நோரில் ஏறி ஷாத்லேயில் மாறினால் போதும். ஆனால் விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட், விலையும் சாதாரண மெட்ரோ டிக்கெட்டைவிடப் பல மடங்கு. சாதாரண டிக்கெட்டோடு போய் ஓர்லியில் மாட்டிக்கொண்டால் அபராதம். மாதப் பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஓர்லி 1, 2, 3, 4 என்று நான்கு முனையம், எது உங்களுடையது என்று கிளம்பும் முன் போர்டிங் பாஸில் பாருங்கள்.

ஓர்லியைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். இரவு 11:30 முதல் காலை 6 வரை அங்கே விமானம் இறங்கவும் ஏறவும் தடை. இரவு கடைசி விமானத்தில் திரும்பும்போது அது பெரிதாகத் தாமதமானால் ஓர்லிக்கு வராமல் பாரிஸின் மற்றொரு விமான நிலையமான சார்ல் து கோலில் இறக்கிவிட வாய்ப்பு உண்டு, நள்ளிரவில் பிள்ளைகளோடு ஊரின் மறு கோடியில் நிற்க வேண்டியிருக்கும். மறுநாள் வேலையோ பள்ளியோ இருந்தால் கடைசி விமானத்தைத் தவிருங்கள். அப்புறம், ஓர்லியில் ஆண்டுக்கு 2,50,000 விமான இயக்கங்களுக்கு மேல் அனுமதி இல்லை, அதனால் அங்கே விமானம் ஏறி இறங்க ஒதுக்கும் ஒவ்வொரு நேரமும் தங்கம் மாதிரி. ஏர் பிரான்ஸ் தன் விமானங்களைச் சார்ல் து கோலில் குவித்துவிட்டு ஓர்லியை டிரான்சாவியாவிடம் விடுவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது, கோர்சிகா தடங்கள் மட்டும் விலக்கு. துலூஸ், மார்செய், நீஸ் போக ஓர்லியில் ஏர் பிரான்ஸைத் தேடிப் பழகியவர்கள் இனி இந்த வழிகாட்டியின் மற்றப் படிகளையும் படிக்கத்தான் வேண்டும்.

படி 3: தேதியும் விலையும்

விலையை உயர்த்துவது பெரும்பாலும் பள்ளி விடுமுறைதான். பிரான்ஸ் ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்து விடுமுறை விடுகிறது, பாரிஸ் சி மண்டலம். நெதர்லாந்தும் வடக்கு, நடு, தெற்கு என்று பிரிக்கிறது. இந்த அட்டவணைகள் ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகிவிடும். உங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் இல்லையென்றால் அந்த வாரங்களை விட்டு முன்னோ பின்னோ போங்கள், வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். பிள்ளைகள் இருந்தால் விடுமுறை தொடங்கும் சனிக்கிழமையை மட்டுமாவது தவிர்த்து திங்கள், செவ்வாய் பாருங்கள்.

விலைக்குள் வரியும் இருக்கிறது. நெதர்லாந்திலிருந்து கிளம்பும் ஒவ்வொருவருக்கும் 2025 இல் 29.40 யூரோ விமான வரி. ஜெர்மனியில் அதே ஆண்டு குறுந்தூரத்துக்கு 15.53 யூரோ. பிரான்சில் 2025 மார்ச் முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு 7.40 யூரோ. விமான நிலையக் கட்டணம் இதற்கு மேல். நான்கு பேர் குடும்பம் என்றால் நெதர்லாந்தில் இந்த ஒரு வரியே ஒரு பெரியவரின் டிக்கெட் அளவுக்கு வந்துவிடும், எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் பக்கத்து நாட்டு விமான நிலையத்தையும் பார்ப்பது அதனால்தான்.

நேரம் தேர்வு செய்யும்போது முடிந்தவரை காலை முதல் விமானத்தை எடுங்கள். மலிவு விலை நிறுவனத்தில் ஒரே விமானம் ஒரு நாளில் நான்கு முதல் ஆறு தடவை பறக்கும், இறங்கி ஏறுவதற்கு நடுவில் இடைவெளி மிகக் குறைவு. காலையில் ஏற்பட்ட அரை மணித் தாமதம் மாலைக்குள் இரண்டு மணியாக வளர்ந்திருக்கும். முதல் விமானம் முந்தின இரவே அங்கே வந்து நிற்பது, அதற்கு அந்தச் சுமை இல்லை.

யூரோவிங்ஸில் ஒரு வேடிக்கையான வசதி உண்டு, பிளைண்ட் புக்கிங் என்று பெயர். கிளம்பும் ஊரையும் கடற்கரையா, நகரமா என்ற வகையையும் தேதியையும் நீங்கள் சொல்கிறீர்கள், எந்த ஊர் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியும். வேண்டாத சில ஊர்களைக் கூடுதல் பணம் கொடுத்து நீக்கலாம். ஐரோப்பியப் பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ உள்ள இளம் ஜோடிகளுக்கு நல்லது. விசாவில் வந்திருப்பவர்கள் பக்கமே போகவேண்டாம், ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) வெளியே ஓர் ஊர் விழுந்தால் அவ்வளவுதான்.

படி 4: பதிவு செய்வது, முக்கியமாகப் பெயர்

நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். விலை ஒப்பிடும் தளங்களில் தேடுங்கள், வாங்குவது மட்டும் நேரடியாக. இடைத்தரகர் வழியாக எடுத்தால் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாக அவர்களுடைய முகவரி நிறுவனத்திடம் இருக்கலாம், நேரம் மாறியது உங்களுக்கு வந்து சேராது, ரத்தானால் பணம் அவர்கள் வழியாகச் சுற்றித்தான் வரும். நான்கைந்து யூரோ மிச்சத்துக்கு இது தேவையில்லாத தலைவலி.

சரி, பெயர். நம் ஆட்களுக்கு இதில்தான் அதிகச் சிக்கல். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் ஒரே கட்டத்தில். சிலருக்கு இனிஷியலை விரித்து அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும். ஐரோப்பிய நிறுவனங்களின் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. அப்போது மனம்போன போக்கில் எதையாவது எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கிறதல்லவா, அதில் எப்படி இருக்கிறதோ அதுதான் அடிப்படை. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் பணம் கட்டும் முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடலாமா என்று கேளுங்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும், கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டில் வேறு பிரச்சினை, பெயர்கள் நீளம், கட்டத்தில் முழுவதும் இடம் பிடிக்காது. அதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டில் கூப்பிடும் பெயரையோ, திருமணத்துக்குப் பின் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டில் மாற்றாத பெயரையோ போடவே கூடாது. எழுத்துப்பிழையைக் கண்டதும் அன்றே சொல்லுங்கள். ஓரிரு எழுத்தைத் திருத்துவது எளிது, ஆளையே மாற்றுவது போலத் தெரிந்தால் தனிக் கட்டணம்.

இன்னொன்று, இருக்கைத் தேர்வு, காப்பீடு, கார் வாடகை என்று பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருக்கும். எதுவும் கட்டாயமில்லை. இருக்கை தேர்வு செய்யாவிட்டால் அவர்களே ஓரிடம் கொடுப்பார்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை மடியில்தான். ஃப்ளையிங் ப்ளூ (ஏர் பிரான்ஸ்–கே.எல்.எம். குழுமத்தின் பயணப் புள்ளித் திட்டம்) உறுப்பினர் எண் இருந்தால் பதிவின்போதே சேர்த்துவிடுங்கள்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி இலவசம், இது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 ஒழுங்குவிதி தரும் உரிமை. மலிவு டிக்கெட் என்பதால் குறையாது. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவைக்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் விடாதீர்கள், ஸ்கிபோலில் வாயில் வரை நடப்பது முழங்கால் வலி உள்ளவருக்கு லேசான காரியம் இல்லை.

படி 5: பை

மிகக் குறைந்த கட்டணத்தில் உங்களுக்குச் சொந்தமானது முன் இருக்கைக்குக் கீழே போகும் ஒரு சிறு பை மட்டும். டிரான்சாவியாவிலும் வூலிங்கிலும் 40, 30, 20 சென்டிமீட்டர். யூரோவிங்ஸில் 40, 30, 25. தலைக்கு மேல் வைக்கும் சக்கரப் பெட்டிக்குத் தனிக் காசு. அளவுகள் அவ்வப்போது மாறும், டிக்கெட்டில் எழுதியிருப்பதே முடிவு. சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் அளவுநாடா வைத்து அளந்து பாருங்கள், துணிப் பையாக இருந்தால் இன்னும் நல்லது, அளவுக் கூண்டுக்குள் கொஞ்சம் அமுக்கினால் போய்விடும். கெட்டிப் பெட்டி இம்மி அளவுகூட விட்டுக்கொடுக்காது.

பெரிய பெட்டிக்குக் கிலோ அளவில் படிப்படியாக விலை, தடத்துக்கும் தேதிக்கும் ஏற்ப மாறும். விதி ஒன்றுதான்: எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறீர்களோ அவ்வளவு மலிவு. டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் குறைவு, விமான நிலையக் கவுண்டரில் அதிகம், வாயிலில் இன்னும் அதிகம். நால்வர் குடும்பத்துக்கு நாலு சிறு பையும் ஒரு பெரிய பெட்டியும் ஒரு வாரத்துக்குத் தாராளமாகப் போதும்.

கையில் கொண்டுபோகும் திரவம் 100 மில்லிலிட்டர் டப்பாக்களில், எல்லாம் ஒரு லிட்டர் பைக்குள். புது ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் போகும் ஊரில் தளர்வு இருந்தாலும் திரும்பும் ஊரில் இல்லாமல் போகலாம், அதனால் பழைய விதிப்படியே அடுக்குங்கள். ஊறுகாய், நெய், தேன், சட்னி, தொக்கு எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். அக்கா கொடுத்துவிட்ட ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயைப் பாதுகாப்புச் சோதனையில் குப்பையில் போட வைப்பார்கள், அதைப் பெரிய பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் மாறாக, கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. மொராக்கோ, துருக்கி, பிரிட்டன் போன்ற இடங்களிலிருந்து ஒன்றியத்துக்குள் திரும்பும்போது இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர அனுமதி இல்லை, பால்கோவாவும் அதில் அடங்கும்.

படி 6: விசா

பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். மற்றவர்கள் மெதுவாகப் படியுங்கள்.

டிரான்சாவியா மரக்கேஷ், துனிஸ், இஸ்தான்புல் என்று ஷெங்கனுக்கு வெளியேயும் பறக்கிறது. ஊரிலிருந்து ஒற்றை நுழைவு விசாவில் வந்த அம்மா அப்பாவை ஒரு வாரம் மரக்கேஷ் கூட்டிப்போனால், ஷெங்கனை விட்டு வெளியேறிய அந்த நொடியே அந்த விசாவின் வேலை முடிந்துவிட்டது. திரும்பி வர விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். அவர்களுடைய சென்னை டிக்கெட் பாரிஸிலிருந்து என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பல நுழைவு விசா இல்லாமல் ஷெங்கன் எல்லையைத் தாண்டும் டிக்கெட்டை எடுக்காதீர்கள், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. குரோயேஷியா 2023 இல் சேர்ந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் விமான வழிக்கு 2024 மார்ச் இறுதியிலும் தரைவழிக்கு 2025 ஜனவரியிலும் சேர்ந்தன.

ஷெங்கனுக்குள்ளேயே பறந்தாலும் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். எல்லைச் சோதனை வழக்கமாக இருக்காது, ஆனால் போலீஸார் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், வாயிலில் பெயர் சரிபார்க்கவும் அது வேண்டும். குறுகிய கால விசாவில் வருபவர்களுக்கு 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை வந்திருக்கிறது, ஷெங்கன் எல்லையைத் தாண்டும் பயணம் என்றால் வரிசையில் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். வதிவிட அட்டை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை.

படி 7: அடுத்த விமானத்தோடு இணைப்பது

கொழும்பிலிருந்து சார்ல் து கோலில் இறங்கி அன்றே ஓர்லியிலிருந்து பார்சிலோனாவுக்கு மலிவு டிக்கெட் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: போடலாம், ஆனால் முழு ஆபத்தும் உங்கள் தலையில். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு நிறுவனத்துக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் புதிய டிக்கெட்தான். பெட்டியும் நேராகப் போகாது, குடிவரவு முடித்து, பெட்டி எடுத்து, ஊரைக் குறுக்கே கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஷாத்லே வந்து 14 ஆம் மெட்ரோவில் ஓர்லி போக ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தரையிறங்கும் நேரத்துக்கும் அடுத்த புறப்பாட்டுக்கும் நடுவில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான் எடுக்க மாட்டேன். பெரியவர்கள் தனியாக வருகிறார்கள் என்றால் ஒரு இரவு பாரிஸில் தங்க வைத்து மறுநாள் அனுப்புங்கள்.

ஸ்கிபோலில் சில தடங்களில் கே.எல்.எம். எண்ணோடு டிரான்சாவியா விமானம் விற்கப்படும். நீண்ட தூர விமானமும் அதுவும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் ஒரே டிக்கெட்டாக இருந்தால் பாதுகாப்பு உண்டு, தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் இந்த வகை டிக்கெட்தான் நிம்மதி.

படி 8: பயண நாள்

ஆன்லைன் செக்-இன் திறந்ததும் முடித்து, போர்டிங் பாஸை ஆஃப்லைனில் சேமியுங்கள். பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முன் மூடிவிடும், கெஞ்சினாலும் திறக்காது. உள்ளே உணவும் தண்ணீரும் காசுக்குத்தான். வீட்டிலிருந்து புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போகத் தடை இல்லை. காலி பாட்டில் கொண்டுபோய்ச் சோதனைக்கு அப்பால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 9: தாமதம், ரத்து

இங்கேதான் மலிவு டிக்கெட் எடுத்தவர்கள் பலர் தங்கள் உரிமையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். 20 யூரோ டிக்கெட்டுக்கு என்ன கேட்பது என்று நினைத்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி டிக்கெட் விலையைப் பார்ப்பதே இல்லை, தூரத்தைத்தான் பார்க்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோ. பாரிஸ்–லிஸ்பன் 1,500க்குள் வரும், ஆம்ஸ்டர்டாம்–மாலாகா தாண்டிவிடும். ஆளுக்கு இவ்வளவு, தனி இருக்கை வாங்கிய பிள்ளைக்கும் சேர்த்து. ரத்துக்காக எழுதப்பட்ட இந்தத் தொகையை, மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. மரக்கேஷிலிருந்து பாரிஸ் திரும்பும்போதும் பொருந்தும், இயக்குவது ஒன்றிய நிறுவனம் என்பதால்.

நேரம் கணக்கிடுவது விமானம் தரையைத் தொட்டதை வைத்து அல்ல, கதவு திறந்ததை வைத்து. இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடத் தாமதத்தில் தரையிறங்கி, கதவு திறக்க மூன்று மணி தாண்டினால் உங்களுக்குப் பணம் உண்டு. அந்த நொடியில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ரத்தானதை 14 நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை, ஆனால் பணம் திரும்ப அல்லது வேறு விமானம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். வவுச்சர் வாங்கிக்கொள்ளச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. கடும் வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை நிறுவனத்தின் கையில் இல்லாதவை, அப்போதும் இழப்பீடு கிடையாது. பிரான்சில் இந்த வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் கதை வேறு, அது அவர்கள் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரண இயந்திரக் கோளாறும் அப்படித்தான்.

காரணம் எதுவாக இருந்தாலும் மாறாத ஒன்று கவனிப்பு உரிமை. குறுந்தூரத்தில் இரண்டு மணித் தாமதத்திலேயே உணவும் பானமும் தர வேண்டும், 1,500 தாண்டினால் மூன்று மணி. இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் அங்கே போய்வரும் வண்டியும். யாரும் வந்து கொடுக்கவில்லையென்றால் நியாயமான விலையில் நீங்களே வாங்கிவிட்டு ரசீதை வையுங்கள். ஐந்து மணி தாண்டினால் பயணத்தையே கைவிட்டு முழுப் பணமும் கேட்கலாம்.

படி 10: பணம் கேட்பது

கேட்க வேண்டியது இயக்கிய நிறுவனத்திடம். கே.எல்.எம். எண்ணில் வாங்கியிருந்தாலும் பறந்தது டிரான்சாவியா என்றால் டிரான்சாவியாவிடம்தான், முதல் படியில் அந்த எழுத்துக்களைக் குறிக்கச் சொன்னது இதற்காக. அவர்கள் தளத்திலேயே படிவம் இருக்கிறது. விமான எண், தேதி, பி.என்.ஆர்., எத்தனை மணித் தாமதம், எந்த ஒழுங்குவிதி, எவ்வளவு தொகை, வங்கி எண். நாலு வரி போதும், கோபத்தைக் கொட்ட வேண்டாம். இழப்பீடு வாங்கித் தரும் தனியார் நிறுவனங்கள் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும், அவர்களிடம் போகும் முன் நீங்களே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "அசாதாரணச் சூழல்" என்று மட்டும் சொன்னால் போதாது, என்ன சூழல் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். அதன் பிறகு ஜெர்மனியில் பயணத் தகராறுகளுக்கான சமரச அமைப்பு, பிரான்சில் சுற்றுலா மற்றும் பயண மத்தியஸ்தர், நெதர்லாந்தில் ஐ.எல்.டி. (ILT) என்ற அரசுக் கண்காணிப்பு அமைப்பு என்று புகார் செய்ய இடங்கள் உண்டு. கால எல்லை நாட்டுக்கு நாடு வேறு: பிரான்சில் ஐந்து ஆண்டு, ஜெர்மனியில் அந்த ஆண்டு முடிவிலிருந்து மூன்று ஆண்டு, நெதர்லாந்தில் இரண்டே ஆண்டு. பழைய போர்டிங் பாஸ்களை மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள், போன ஆண்டு நடந்த தாமதத்துக்கு இப்போதும் கேட்கலாம்.

பெட்டி உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் கவுண்டரில் அறிக்கை பதியுங்கள். எழுத்து மூலம் கோர சேதத்துக்கு ஏழு நாள், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள், இது மொன்றியல் உடன்படிக்கையின் கணக்கு. நீங்களே போகமுடியாமல் டிக்கெட்டை விட்டுவிட்டாலும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பிரான்சில், பயணி ஏறாவிட்டால் அவர் பெயரில் வசூலித்த விமான நிலைய வரிகளைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது, மலிவு டிக்கெட்டில் பாதி விலை அதுவாகவே இருக்கக்கூடும்.